பழைய டெலி வில்லையும் புதிய கமராவும்

மலையகத்தில் பல வீட்டு அலுமாரிகளில் இன்னும் ஒரு பழைய கமரா இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் தொழிலுக்குப் போய்வந்த வாப்பாமாரும் சாச்சாமாரும் கொண்டுவந்தவை அவை. சில வீடுகளில் அதனோடு ஒரு கறுத்தத் தோற்பையில் நீண்ட குழாய் போன்ற ஒரு வில்லையும், உள்ளங்கைக்குள் அடங்கும் இன்னொரு குட்டைக் குழாயும் கிடக்கும். நீண்டது டெலிபோட்டோ வில்லை, தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிப் படம் பிடிப்பது. குட்டையானது எக்ஸ்டெண்டர், டெலிகன்வேட்டர் என்றும் சொல்வார்கள். பிலிம் ரோலும் அதைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோவும் மறைந்த பின் இவற்றைப் பழைய இரும்பாகவே பலரும் எண்ணுகிறார்கள்.

மறுபுறம், சுற்றாடல் கழகத்திலும் ஊடகக் கழகத்திலும் இருக்கும் நம் மாணவியர் பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறார்கள். புதிய நீண்ட வில்லையின் விலை பல குடும்பங்களின் பல மாத வருமானம். "இந்தப் பழசை இப்போதைய கமராவில் பூட்ட முடியாதா?" என்று உம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் முடியும். ஆனால் அது எதைத் தருகிறது, பதிலுக்கு எதை வாங்கிக்கொள்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும். அது வாங்கிக்கொள்வது வெளிச்சத்தை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நமக்குக் குறைவாக இருப்பதும் அதுதான்.

லென்ஸ் என்ற சொல் லத்தீன் மொழியில் பருப்பைக் குறிக்கும். நாம் அன்றாடம் சமைக்கும் மைசூர்ப் பருப்பின் வடிவம் அது. அரபு படிக்கும் மாணவியருக்கு அதஸ் என்றால் அதே பருப்பு என்பதும், வில்லைக்கு அதஸா என்று பெயர் என்பதும் தெரிந்திருக்கும். அந்தப் பருப்பு வடிவக் கண்ணாடியை, அதாவது குவிவு வில்லையை, ஆய்வுகூடத்தில் ஜன்னலுக்கு எதிரே பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்திருப்பீர்கள். தூரத்து மரம் தாளில் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்துக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள தூரமே குவியத்தூரம். குவியத்தூரம் இரட்டித்தால் தாளில் விழும் மரமும் இரட்டிக்கும். டெலி வில்லையின் இரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் குவியத்தூரம் மட்டும் போதாது. பின்னாலுள்ள தாள் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரட் கமரன், 19ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற நிழற்படக் கலைஞர். 48 வயதில், 1863இல், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடுதான் இந்தக் கலையைத் தொடங்கினார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார். அவர் 1866இல் வாங்கிய டால்மேயர் வில்லையின் குவியத்தூரம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. இன்றைய காட்டு விலங்குப் படப்பிடிப்பாளர்கள் வாயைப் பிளக்கும் நீளம் அது! ஆயினும் கமரன் எடுத்தவை மனித முகங்கள். அவருடைய கண்ணாடித் தகடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்பதே காரணம். அத்தனை பெரிய தகட்டில் 762 மி.மீ. என்பது நம் பழைய 35 மி.மீ. பிலிம் கமராவில் ஏறத்தாழ 70 மி.மீ. வில்லை காட்டும் பரப்பையே காட்டும்.

இதையே திருப்பிப் போட்டால் டிஜிட்டல் கமராவின் இலாபம் விளங்கும். பிலிமின் அளவு 36க்கு 24 மி.மீ. சாதாரண விலையில் கிடைக்கும் டிஜிட்டல் கமராவின் சென்சர் அதைவிடச் சிறியது, சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. எனவே வாப்பாவின் 300 மி.மீ. வில்லையை அதில் பூட்டும்போது, பிலிமில் 450 மி.மீ. வில்லை காட்டும் அளவே படத்துக்குள் வரும். வில்லை நீளவில்லை, ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அவ்வளவே. பழைய வில்லைகள் ஓரங்களில்தான் மங்கல் கூடியவை என்பதால், அந்த ஓரம் வெட்டுப்படுவதும் நமக்கு நன்மையே.

இனி எக்ஸ்டெண்டர். கமரன் வாங்கிய வில்லையைச் செய்த டால்மேயரின் மகன் தோமஸ், 1891இல் டெலிபோட்டோ வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியிலும் ஏறத்தாழ அதே வேளையில் அதே யோசனை பிறந்தது. முன்னால் ஒரு குவிவு வில்லை, அதற்குப் பின்னால் ஒரு குழிவு வில்லை. முன்னது குவித்துக்கொண்டு வரும் ஒளியைப் பின்னது சற்று விரித்து விடுவதால், குழாய் அதிகம் நீளாமலே பிம்பம் பெரிதாகிறது. எக்ஸ்டெண்டர் என்பது தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடிய அந்தக் குழிவுப் பகுதிதான். 1.4 மடங்கு, 2 மடங்கு என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன.

கணக்கைப் பார்ப்போம். 15 செ.மீ. நீளமுள்ள ஒரு குருவி 10 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் பிரதான வில்லைக்குக் குவியத்தூரம் சுமார் 6 மி.மீ.; சென்சரில் அந்தக் குருவி 0.09 மி.மீ., ஒரு புள்ளி. 300 மி.மீ. வில்லையில் 4.5 மி.மீ., படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2 மடங்கு எக்ஸ்டெண்டரும் சேர்ந்தால் 9 மி.மீ. கண்ணும் அலகும் இறகின் வரியும் தெரியும்.

விலை என்ன? பிம்பம் நீளத்திலும் அகலத்திலும் இரட்டித்தால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. ஒரு கரண்டி வெண்ணெயை ஒரு துண்டுப் பாணுக்குப் பதில் நான்கு துண்டில் பூசுவது போல. எஃப் 5.6 துவாரம் எஃப் 11 ஆகிவிடும். 1.4 மடங்கில் பாதி ஒளி போகும். மப்பான பகலில் திறந்த வெளியில், ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 5.6க்கு 1/125 செக்கன் போதும் என்றால், 2 மடங்கு எக்ஸ்டெண்டரோடு 1/30 தேவை. மரநிழலுக்குள் ஒளி அதிலும் எட்டில் ஒன்றாகலாம். அப்போது 1/4 செக்கன். கால் செக்கன் அசையாமல் இருக்க எந்தக் குருவி சம்மதிக்கும்? எடுப்பவரின் கையும் சம்மதிக்காது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் ஏறத்தாழ குவியத்தூரத்துக்குச் சமமான எண்ணாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 600 மி.மீ., சென்சரின் வெட்டையும் சேர்த்தால் 900. ஆக 1/1000 செக்கன். நம் வானத்தில் அது அபூர்வம்.

பிலிம் காலத்தில் எக்ஸ்டெண்டருக்கு நல்ல பெயர் கிடைக்காததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். பலர் பாவித்த வேகமான பிலிம் ஐ.எஸ்.ஓ. 400, மரநிழலில் அது 1/15க்கு மேல் தராது. இன்றைய சாதாரண கமராவிலும் ஐ.எஸ்.ஓ. 3200 பாவிக்கத் தக்கதாக இருக்கிறது. அதே நிழலில் 1/125 செக்கன் கிடைக்கும். முக்காலியோ ஒரு கல்லின் மேல் வைத்த அரிசிப் பையோ இருந்தால், கிளையில் அமர்ந்த பறவைக்கு அது போதும். அலுமாரியில் தூங்கிய எக்ஸ்டெண்டருக்கு உயிர் கொடுத்தது டிஜிட்டல் கமராவே.

ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் அது கொஞ்சம் பிடுங்கவும் செய்கிறது. 24 மெகாபிக்சல் சென்சரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீற்றரின் 250இல் ஒரு பங்கு. அஞ்சலட்டை அளவுப் பிரதியில் அன்று மறைந்திருந்த வில்லையின் குறைகளை அது ஒன்று விடாமல் காட்டிக் கொடுக்கும். முக்கியமான குறை ஊதா விளிம்பு. நிறங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கப் பழைய கண்ணாடியால் முடியாததால், வெண்மைக்கு முன்னால் நிற்கும் கறுப்புப் பொருளைச் சுற்றி ஊதாக் கோடு விழும். வெள்ளை மூடுபனிக்கு முன்னால் பட்ட மரக்கிளை, அதில் ஒரு கறுத்தப் பறவை: மலையகத்தில் பத்துப் படத்தில் ஏழு இப்படித்தான் அமைகின்றன!

இதற்கு மலையே மருந்தும் தருகிறது. சமவெளியில் இருப்பவர் பறவையைக் கீழிருந்து வானத்துக்கு எதிரே பார்க்க வேண்டியிருக்கும். நாம் சரிவில் சில அடி மேலே ஏறி நின்றால், பறவைக்குப் பின்னால் எதிர்ச் சரிவின் தேயிலைப் பச்சை வந்துவிடும். ஊதாக் கோடு பெரும்பாலும் போய்விடும். துவாரத்தை ஒரு படி மூடுவதும் உதவும்: எஃப் 4.5 வில்லையை எஃப் 5.6இல் வையுங்கள். எக்ஸ்டெண்டர் பூட்டியிருக்கும்போது அதற்கு மேல் மூட வேண்டாம். மிகச் சிறிய துவாரத்தில் ஒளி அலை விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் மீண்டும் மங்கும்.

இன்னொரு குறையும் உண்டு. பிலிமைவிடச் சென்சரின் முகப்பு பளபளப்பானது. அதில் பட்ட ஒளி பழைய வில்லையின் பின் கண்ணாடிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி சென்சருக்கு வந்து, படம் பால் ஊற்றியது போல் வெளிறிப் போகும். வில்லையின் முன்னால் மறைப்புக் குழாய் போடுவதும், பிறகு கணினியில் மாறுபாட்டைக் கூட்டுவதும் வழி. மூடுபனிக்கு மட்டும் எந்த வழியும் கிடையாது. நமக்கும் பொருளுக்கும் இடையில் நிற்கும் நீர்த்துளிகளை 300 மி.மீ.யும் ஊடுருவாது, 600 மி.மீ.யும் ஊடுருவாது. கிட்டப் போவதுதான் ஒரே எக்ஸ்டெண்டர்.

எக்ஸ்டெண்டர் புதிதாக எதையும் பார்ப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. முன் வில்லை பார்த்ததையே பெருக்குகிறது. அதன் பிழைகளையும் சேர்த்துப் பெருக்குகிறது. அப்படியானால் எக்ஸ்டெண்டர் இல்லாமல் எடுத்துவிட்டு, கணினியில் நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் என்ன? நல்ல கேள்வி. 24 மெகாபிக்சலில் பாதி அகலம், பாதி உயரம் வெட்டினால் 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ5 அளவுச் சஞ்சிகைப் பக்கத்தில் முழுப் பக்கமாக அச்சிடுவதற்கே ஏறத்தாழ 4.3 மெகாபிக்சல்தான் வேண்டும். ஆகவே உங்கள் வில்லைக்கு எக்ஸ்டெண்டர் உண்மையில் உதவுகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வீரகேசரிப் பக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, பதினைந்து அடி எட்டக் கமராவை அசையாமல் நிறுத்தி, எக்ஸ்டெண்டரோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் எடுங்கள். இரண்டாவதை வெட்டிப் பெரிதாக்கி, சின்ன எழுத்து எதில் நன்றாக வாசிக்க முடிகிறது என்று பாருங்கள். 200 மி.மீ. அல்லது 300 மி.மீ. என்று ஒரே நீளம் கொண்ட நல்ல வில்லையாக இருந்தால் எக்ஸ்டெண்டர் வெல்லும். அக்காலத்து மலிவான சூம் வில்லையாக இருந்தால் பெரும்பாலும் வெட்டியதே மேல். வீட்டில் எக்ஸ்டெண்டர் இல்லாமல் புதிதாகத் தேடுவோர் 2 மடங்குக்கு முன் 1.4 மடங்கை யோசிப்பது நல்லது.

பூட்டும் விடயத்துக்கு வருவோம். வில்லையின் பின் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையில் ஒவ்வொரு கம்பனியும் ஒரு குறித்த இடைவெளியை வைத்திருந்தது. நிக்கோனில் 46.5 மி.மீ., திருகிப் பூட்டும் எம்42 வகையிலும் பென்டெக்ஸிலும் சுமார் 45.5, கெனனின் பழைய எஃப்.டி. வகையில் 42. இப்போதைய மிரர்லெஸ் கமராக்களில் உள்ளே கண்ணாடி இல்லாததால் இடைவெளி மிகக் குறைவு. சோனியில் 18, நிக்கோன் இசட் வகையில் 16, கெனன் ஆர்.எஃப். வகையில் 20. மீதித் தூரத்தை நிரப்ப ஒரு வெற்று உலோக வளையம் போதும், அதற்குள் கண்ணாடி எதுவும் வேண்டாம். அதனால் பழைய வில்லை எதுவாயினும் மிரர்லெஸ் கமராவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். கண்ணாடி உள்ள கெனன் டிஜிட்டல் கமராவின் இடைவெளியோ 44. அதில் நிக்கோன் வில்லை பொருந்தும். கெனனின் சொந்த எஃப்.டி. வில்லை பொருந்தாது! 2 மி.மீ. குறைகிறது. வெறும் வளையத்தால் பூட்டினால் கிட்ட உள்ள பூ தெளிவாகும், பாவா ஆதம் மலை தெளிவாகாது.

நிக்கோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1977க்கு முந்திய வில்லைகளைப் பின்வந்த சில கமராக்களில் பலவந்தமாகத் திருகினால் விளிம்பிலுள்ள சிறு நெம்பு உடையலாம். எக்ஸ்டெண்டர்களிலும் சிலவற்றில் முன் கண்ணாடி வெளியே துருத்தி நிற்கும், நிக்கோனின் டி.சி.-300, டி.சி.-301 அப்படிப்பட்டவை. பின்னால் போதிய குழிவுள்ள நீண்ட வில்லைக்கு மட்டுமே அவை. கண்ணாடியோடு கண்ணாடி முட்டினால் இரண்டும் போய்விடும்.

பூட்டிய பின் கமரா "வில்லை இல்லை" என்று மறுக்கக் கூடும். மெனுவில் வில்லை இல்லாமல் படமெடுக்க அனுமதிக்கும் இடம் இருக்கும், அதைத் திறந்து விடுங்கள். எம் என்ற கைமுறை நிலைக்கு மாற்றுங்கள். ஆரம்ப நிலை நிக்கோன் கமராக்கள் பழைய வில்லையோடு ஒளியை அளந்து சொல்லா; ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்துத் திருத்த வேண்டியதுதான். அசைவைத் தணிக்கும் வசதி கமராவுக்குள் இருந்தால், அது குவியத்தூரத்தைக் கேட்கும்; எக்ஸ்டெண்டரையும் பெருக்கி 600 என்று கொடுங்கள். தெளிவைக் கையால்தான் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடி உள்ள கமராவில் எஃப் 11 என்றால் பார்க்கும் துளை இருண்டுவிடும். பின் திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பறவையின் கண்ணில் தெளிவு வைப்பதே சுலபம். ஒரு விடயம் பெற்றோரின் கவனத்துக்கும்: டெலி வில்லை பூட்டிய கண்ணாடிக் கமராவின் துளைவழியாகச் சூரியனை எக்காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது. மலை உச்சிச் சூரியோதயம் அழகுதான். வெயில் பிடிக்கும் பூதக்கண்ணாடி தாளைக் கருக்குவது போலக் கண்ணின் திரையும் கருகும்.

பழைய வில்லை வாங்கப் போவோர் விலையைப் பேசுவதற்கு முன் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து தொலைபேசி டோர்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல், வேர் போல் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். மலையகத்து ஈரத்தில் வளர்ந்த வில்லைகளில் இது சர்வசாதாரணம். ஓரத்தில் சிறிது என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்து கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. தூசுத் துணிக்கைகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

இனிமேல் பூஞ்சணம் வராமல் இருக்க, முதலில் அந்தத் தோற்பையை விட்டுத் தொலையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியும், புதிய சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொதிகள் சிலவும் போதும். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் என்றால் ஈரம் ஏறியதை அதுவே சொல்லும்; சூடாக்கிக் காயவைத்து மறுபடி பாவிக்கலாம். வில்லையை மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள். ஜனவரிக் குளிரில் வெளியே எடுத்துவிட்டு நேரே அடுப்படிக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

எட்ட இருந்து எடுக்கும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. பறவைக்கு அது நிம்மதி. கூட்டருகே யாரும் போகத் தேவையில்லை. மனிதருக்கு அப்படியல்ல. கொழுந்து எடுக்கும் பெண்களை எதிர்ச் சரிவிலிருந்து 600 மி.மீ.யில் படமெடுத்தால், தான் படமாகியதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பஸ் தரிப்பிடத்தில் நம்மை ஒருவர் அப்படி எடுத்தால் எப்படி இருக்கும்? கமரன் இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சிய படங்களில் ஒன்றுக்குத் தலைப்பு, களுத்துறைக் கிராமவாசிகள் குழு என்பது. 1878இல் எடுத்தது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்கள் பெயரோடு நிற்கிறார்கள், இவர்களோ குழுவாகவே நிற்கிறார்கள். மலைக்கு ஏறிப் போய், அக்கா என்று கூப்பிட்டு, கேட்டுவிட்டு எடுப்பதற்கு 50 மி.மீ. வில்லையே தாராளம்.

பழகுவதற்கு நுவரெலியா விக்டோரியாப் பூங்காவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காஷ்மீரில் முட்டையிடும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும், ஆறுமணிக்குருவியும் இந்தியாவிலிருந்து வந்து அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உள்ளூர் மஞ்சள் காதுச் சின்னான் ஆண்டு முழுவதும் உண்டு. பறவைகள் ஆட்களுக்குப் பழகியிருப்பதால் பத்து மீற்றருக்குள் வரும். ஒக்டோபருக்குப் பின், மார்ச் முடியுமுன் போக வேண்டும். ஆறுமணிக்குருவி ஓடையோரப் புதர் நிழலில் தரையைக் கிளறித் திரியும். அதற்கு எக்ஸ்டெண்டரைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், அந்த நிழலில் எஃப் 11 எடுபடாது. எட்டரை ஒன்பது மணிக்குப் பனி விலகி வெயில் விழுந்ததும், மரத்து நுனியில் இருக்கும் ஈப்பிடிப்பானுக்கு அதைத் திரும்பப் பூட்டலாம்.